டிரா ஆன ஆட்டத்தில் ஜெயித்தது யார்? 2021-22 ரஞ்சிக் கோப்பையை வைத்து ஓர் எளிய விளக்கம்

2022 ஜூன் 18, சனிக்கிழமை. இந்திய மாநில அணிகள் மோதும் கிரிக்கெட் போட்டியான ரஞ்சிக் கோப்பையின் அரையிறுதி ஆட்டங்கள் பெங்களூரில் முடிந்தன. மும்பைக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் நடந்த ஆட்டம் ஐந்து நாள் ஓடியும் முடிவு இல்லாமல் டிரா ஆனது. ஆனால் மும்பை இறுதி ஆட்டத்துக்குப் போனது, உத்தரப் பிரதேசம் மூட்டை கட்டியது. யாரும் ஜெயிக்காத ஆட்டத்தில் ஒருவர் மட்டும் எப்படி முன்னேறினார்?

சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஐபிஎல் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புரியாத புதிராகத்தான் இருக்கும். பாடாங்கிலோ பாலஸ்டியர் பக்கத்து மைதானங்களிலோ வார இறுதியில் நாம் எட்டிப் பார்க்கும் ஆட்டங்கள் ஒரே நாளில் முடிந்துவிடும். யாரோ ஒருவர் ஜெயிப்பார், இன்னொருவர் தோற்பார், பையைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி பிடிப்பார்கள். ரஞ்சிக் கோப்பை அந்த வகை அல்ல. அதைப் பின்தொடர ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. அதுதான் முதல் இன்னிங்ஸ் முன்னிலை. அந்த விதியின் நல்லது, கெட்டது, அபத்தம் மூன்றையும் ஒரே சீசனில் பார்க்க வேண்டுமானால் 2021-22ஐ எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அடிப்படை. முதல்தர கிரிக்கெட் என்றால் குறைந்தது மூன்று நாள் நடக்கும் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர், ஒவ்வோர் அணிக்கும் இரண்டு இன்னிங்ஸ். ஓவர் கட்டுப்பாடு கிடையாது. பத்து விக்கெட் விழும்வரை ஆடலாம், போதும் என்று தோன்றினால் கேப்டன் டிக்ளேர் செய்துவிட்டு எதிரணியை ஆடச் சொல்லலாம். டெஸ்ட் ஆட்டமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்தியாவின் மாநில அணிகளும் ரயில்வே, சர்வீசஸ் போன்ற அணிகளும் மோதும் முதல்தரப் போட்டிதான் ரஞ்சிக் கோப்பை. 1934-35இல் தொடங்கியது. அதன் முதல் ஆட்டம் நடந்தது சேப்பாக்கத்தில், மெட்ராசுக்கும் மைசூருக்கும். பல நாள் ஆட வேண்டிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்பது வேடிக்கை. மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டது, மெட்ராஸ் 130 எடுத்து, இரண்டாவது முறை பேட் செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் ஜெயித்தது; இதற்குப் பெயர் இன்னிங்ஸ் வெற்றி. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார்.

அதுபோல ஒரே நாளில் எல்லாம் முடிவது அபூர்வம். பெரும்பாலும் பிரச்சினை நேர்மாறானது. ஓர் அணி ஜெயிக்க வேண்டுமானால் எதிரணியின் இருபது விக்கெட்டையும் எடுத்தாக வேண்டும். அதற்கு நான்கு நாள் போதாமல் போவது சர்வசாதாரணம். ஆடுகளம் பந்து வீச்சாளர்களுக்கு உதவாமல் செத்துக் கிடந்தால் ஐந்து நாளும் போதாது. அப்போது ஆட்டம் டிரா. லீக் சுற்றில் டிரா வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் புள்ளி கொடுத்து அனுப்பிவிடலாம். நாக்-அவுட்டில் யாராவது ஒருவர் வெளியே போயே ஆக வேண்டுமே? ஜாலான் புசார் அரங்கில் காற்பந்து ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கூடுதல் நேரம் கொடுப்பார்கள், அப்புறம் பெனால்டி. ஐந்து நாள் வெயிலில் நின்றவர்களிடம் கூடுதல் நேரம் கேட்க முடியாது. அதனால் ரஞ்சிக் கோப்பையில் திரும்பிப் பார்க்கிறார்கள்: இரண்டு அணிகளின் முதல் இன்னிங்சிலும் யார் அதிக ரன் எடுத்தது? அவர் உள்ளே, மற்றவர் வெளியே. இரண்டாம் இன்னிங்சில் என்ன நடந்தது என்பது டிரா ஆன ஆட்டத்தில் கணக்கிலேயே வராது.

லீக் சுற்றிலும் இதே விதி புள்ளிக் கணக்கில் நுழைந்திருக்கிறது. வெற்றிக்கு 6 புள்ளி. இன்னிங்ஸ் வெற்றியோ பத்து விக்கெட் வெற்றியோ பெற்றால் கூடுதலாக 1. டிரா ஆனால் முதல் இன்னிங்சில் முன்னிலை பெற்ற அணிக்கு 3, பின்தங்கிய அணிக்கு 1.

இனி 2021-22. அதற்கு முந்தைய ஆண்டு, கொரோனாவால் ரஞ்சிக் கோப்பை நடக்கவே இல்லை. 1934-35இல் தொடங்கிய பிறகு ஒரு சீசன் முழுசாக ரத்தானது அதுதான் முதல் முறை. இந்த சீசனும் தள்ளிப்போய், 2022 பிப்ரவரி 17 அன்று ஒருவழியாகத் தொடங்கியது. மொத்தம் 38 அணிகள். மேல்நிலைப் பிரிவான எலைட்டில் குழுவுக்கு நான்கு அணிகள் வீதம் எட்டுக் குழுக்கள், கீழ்நிலைப் பிரிவான பிளேட்டில் ஆறு அணிகள். எலைட் குழு ஒவ்வொன்றிலும் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே அடுத்த சுற்று. லீக் முடிந்ததும் இரண்டு மாதத்துக்கு மேல் ஐபிஎல். ஜூன் மாதம் மறுபடி வந்து நாக்-அவுட். ஒரு சீசனை நடுவில் அறுத்து இரண்டு துண்டாக வைத்த மாதிரி.

குழுவில் நான்கு அணி என்றால் ஆளுக்கு மூன்றே ஆட்டம். அந்த ஏற்பாட்டில் கடித்துக் குதறப்பட்டவர்கள் நம்மவர்கள்தான். விஜய் சங்கர் தலைமையில் தமிழ்நாடு அணி குவஹாத்தியில் டெல்லி, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் ஆகியவற்றோடு ஆடியது. டெல்லிக்கு எதிரான ஆட்டத்தில் ஷாருக் கான் (நடிகர் அல்ல, சென்னைப் பையன்) 194 ரன் விளாசினார், பாபா இந்திரஜித் 117. டெல்லியின் 452ஐத் தாண்டி 494 எடுத்தார்கள். ஆனால் அந்தப் பக்கம் யாஷ் துல் தன் முதல் முதல்தர ஆட்டத்திலேயே இரண்டு இன்னிங்சிலும் 113 அடித்து நங்கூரம் போட்டுவிட்டார். ஆட்டம் டிரா, தமிழ்நாட்டுக்கு 3 புள்ளி. அடுத்து சத்தீஸ்கர். இரட்டைச் சகோதரர்கள் அபராஜித்தும் இந்திரஜித்தும் ஒரே இன்னிங்சில் சதம் போட்டார்கள், 166, 127. சத்தீஸ்கரை மறுபடியும் ஆட வைத்தார்கள், கடைசி விக்கெட்டுகள் மட்டும் விழவில்லை. மறுபடி டிரா, மறுபடி 3. கடைசி ஆட்டத்தில் ஜார்க்கண்டிடம் 2 விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. மொத்தம் 6 புள்ளி. இரண்டு வெற்றி, ஒரு தோல்வியோடு 12 புள்ளி பெற்ற ஜார்க்கண்ட் முன்னேறியது.

இங்கே கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு டிராவிலும் முன்னிலை பெற்றாலும் கிடைப்பது ஒரு வெற்றிக்கு உரிய புள்ளிதான். நாக்-அவுட்டில் முன்னிலைதான் எல்லாம். மூன்றே ஆட்டம் கொண்ட லீக்கில் முன்னிலையை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது, ஜெயித்தாக வேண்டும். ஒரே விதிக்கு இரண்டு இடத்தில் இரண்டு எடை.

ஆயிரத்தெட்டு

தமிழ்நாட்டை வெளியேற்றிய ஜார்க்கண்ட், எட்டு எலைட் குழு வெற்றியாளர்களில் கடைசி இடத்தில் இருந்தது. அதனால் பிளேட் பிரிவில் முதலிடம் பெற்ற நாகாலாந்தோடு ஒரு முன்-காலிறுதி ஆட வேண்டியிருந்தது. கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்த அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விதியை விளக்கவே முடியாது.

ஜார்க்கண்ட் முதல் இன்னிங்சில் 880 ரன். பதினேழு வயது குமார் குஷாக்ரா 266, சுழற்பந்து வீச்சாளரான ஷாபாஸ் நதீம் 177. பதிலுக்கு நாகாலாந்து 289. வித்தியாசம் 591. இத்தனை முன்னிலை இருந்தால் எதிரணியை உடனே மறுபடியும் ஆடச் சொல்லலாம். அதற்குப் பெயர் ஃபாலோ-ஆன். ஐந்து நாள் ஆட்டத்தில் 200 ரன் முன்னிலையே அதற்குப் போதும். ஜார்க்கண்ட் அப்படிச் செய்யவில்லை. தாங்களே மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி 6 விக்கெட்டுக்கு 417 எடுத்தார்கள். மொத்த முன்னிலை 1008. முதல்தர கிரிக்கெட் வரலாற்றில் அவ்வளவு பெரிய முன்னிலை அதற்கு முன்பு இருந்ததில்லை. அந்த முன்னிலையை வைத்துக்கொண்டு எதிரணியை ஆட்டமிழக்கச் செய்ய ஒரு பந்துகூட வீசவில்லை. ஆட்டம் டிரா, ஜார்க்கண்ட் காலிறுதிக்கு.

அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, எரிச்சல் பட்டவர்களும் உண்டு. ஆனால் ஜார்க்கண்ட் கேப்டனின் இடத்தில் நின்று பாருங்கள். முன்னிலை கையில் இருக்கிறது. இனி டிரா ஆனாலும் அடுத்த சுற்று, ஜெயித்தாலும் அடுத்த சுற்று. வெளியேற ஒரே வழி தோற்பதுதான். அப்படியானால் பந்து வீச்சாளர்களை ஏன் களைப்படைய வைக்க வேண்டும்? பெவிலியனில் காலை நீட்டி உட்காரட்டும், பேட்ஸ்மேன்கள் பயிற்சி எடுக்கட்டும். விதிப்படி எந்தத் தப்பும் இல்லை. பார்க்கிறவனுக்குத்தான் கொட்டாவி.

அடுத்த ஆட்டத்தில் ஜார்க்கண்டுக்கு அதே மருந்து கிடைத்தது. காலிறுதியில் வங்காளம் 7 விக்கெட்டுக்கு 773 எடுத்து டிக்ளேர் செய்தது. களமிறங்கிய ஒன்பது பேரும் ஐம்பதைத் தாண்டினார்கள். முதல்தர கிரிக்கெட்டில் ஓர் அணியின் முதல் ஒன்பது பேட்ஸ்மேன்களும் அரைச்சதம் அடித்தது அதுவே முதல் தடவை. ஜார்க்கண்ட் 298. ஆட்டம் டிரா, வங்காளம் உள்ளே, ஜார்க்கண்ட் வெளியே. அந்த ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்சில் வங்காளத்துக்காகச் சதம் அடித்த மனோஜ் திவாரி, அப்போது அந்த மாநிலத்தின் விளையாட்டுத் துறை இணை அமைச்சர். அரையிறுதியிலும் ஒரு சதம் போட்டார்.

இந்த சீசனில் சாதனைக்குப் பஞ்சமே இல்லை. பீகாரின் சகிபுல் கனி தன் முதல் முதல்தர ஆட்டத்திலேயே 341 அடித்தார். அறிமுக ஆட்டத்தில் முச்சதம் அடித்த உலகின் முதல் ஆள் அவர்தான். காலிறுதியில் மும்பை உத்தரகாண்டை 725 ரன் வித்தியாசத்தில் நசுக்கியது. ரன் கணக்கில் முதல்தர கிரிக்கெட்டின் மிகப் பெரிய வெற்றி அது. மும்பையின் சர்ஃபராஸ் கான் ஆறு ஆட்டங்களில் 982 ரன் குவித்தார், சராசரி 122.75.

சரி, ஆரம்பத்தில் விட்ட அரையிறுதிக்கு வருவோம். மும்பை முதல் இன்னிங்சில் 393, உத்தரப் பிரதேசம் 180. முன்னிலை 213. ஜார்க்கண்ட் போலவே மும்பையும் ஃபாலோ-ஆன் கொடுக்கவில்லை, மறுபடி ஆட வந்தது. முதல் இன்னிங்சில் சதம் அடித்திருந்த யஷஸ்வி ஜெய்ஸ்வால், இரண்டாவதில் தன் முதல் ரன்னை எடுக்க 54 பந்து எடுத்துக்கொண்டார். அந்த ஒற்றை ரன்னுக்கு மட்டையை உயர்த்திக் காட்டிச் சிரித்தார் என்றால் பாருங்கள். ஐபிஎல்லில் பார்த்த அதே பையன்தானா என்று சந்தேகம் வரும். கடைசியில் 181 எடுத்தார். மும்பை 4 விக்கெட்டுக்கு 533. மொத்த முன்னிலை 746 ஆனபோது ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். உத்தரப் பிரதேசத்துக்கு இரண்டாம் இன்னிங்ஸ் ஆட வாய்ப்பே வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்த விதி ஆட்டத்தைக் கொல்கிறது என்று நினைத்தால், பாதி சரி. டாஸ் ஜெயித்து, தூங்கும் ஆடுகளத்தில் இரண்டு நாள் பேட் செய்து, முன்னிலையை வாங்கிக்கொண்டு படுத்துவிடலாம் என்ற ஆசையை இந்த விதி தூண்டத்தான் செய்கிறது. வேறு வழிகளும் உலகத்தில் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஷெஃபீல்ட் ஷீல்டில் நீண்ட காலம், இறுதி ஆட்டம் டிரா ஆனால் லீக்கில் முதலிடம் பெற்ற அணிக்கே கோப்பை என்று இருந்தது. அது இன்னும் மோசம் என்பேன். ஐந்து நாள் ஆடத் தொடங்கும் முன்பே ஒருவருக்கு டிரா போதும் என்று தெரிந்துவிடுகிறது. முதல் இன்னிங்ஸ் முன்னிலையையாவது களத்தில் இறங்கிச் சம்பாதிக்க வேண்டும்.

பெங்களூர் இறுதி ஆட்டம்

மற்ற அரையிறுதியில் வங்காளத்தை 174 ரன்னில் நேர்மையாகத் தோற்கடித்து வந்த அணி மத்தியப் பிரதேசம். கேப்டன் ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா, பயிற்சியாளர் சந்திரகாந்த் பண்டிட். வெங்கடேஷ் ஐயரும் (இந்தூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை) அவேஷ் கானும் இந்திய அணியின் வேலையாகப் போயிருந்ததால் அணியில் இல்லை. எதிரே அதுவரை 41 முறை கோப்பை வென்றிருந்த மும்பை.

ஜூன் 22 அன்று சின்னசாமி அரங்கில் மும்பை டாஸ் ஜெயித்து பேட் செய்தது. சர்ஃபராஸ் 134, மொத்தம் 374. ஓவருக்கு மூன்று ரன்கூட வரவில்லை. அவசரம் எதற்கு? முன்னிலைதானே முக்கியம்.

மத்தியப் பிரதேசமும் பொறுமையாகவே ஆடியது. யாஷ் துபே 133, ஷுபம் சர்மா 116. அப்புறம் ரஜத் படிதார். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ஐபிஎல் எலிமினேட்டரில் பெங்களூர் அணிக்காக லக்னோவை 112 ரன்னில் துவைத்தவர். இங்கே நிதானமாக 122. மூன்றாம் நாள் முடிவில் ஸ்கோர் 3 விக்கெட்டுக்கு 368. அதாவது மும்பையைவிட 6 ரன் மட்டும் குறைவு, கையில் ஏழு விக்கெட். ரஞ்சிக் கோப்பையைப் பழகியவர்களுக்கு அந்த இரவே கோப்பை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிட்டது. டி20 மட்டும் பார்ப்பவருக்கு, இன்னும் இரண்டு நாள் பாக்கி, இரண்டாவதாக ஆடும் அணியின் முதல் இன்னிங்ஸ்கூட முழுசாக முடியவில்லை, அதற்குள் என்ன பேச்சு என்று தோன்றும்.

நான்காம் நாள் 375ஐத் தொட்டார்கள், நிறுத்தவில்லை. 536 வரை போனார்கள், முன்னிலை 162. இப்போது மும்பையின் நிலையை யோசித்துப் பாருங்கள். மீதி நேரம் முழுவதும் விக்கெட் கொடுக்காமல் நின்றால் டிரா. டிரா என்றால் கோப்பை மத்தியப் பிரதேசத்துக்கு. ஆகவே முதலில் 162ஐ அழிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு இலக்கு வைக்கும் அளவு ரன் சேர்க்க வேண்டும், பிறகு பத்து விக்கெட்டையும் எடுக்க நேரம் மிச்சம் வைக்க வேண்டும். எல்லாம் ஒன்றேகால் நாளுக்குள். அடித்து ஆடுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

அடித்தார்கள், அடிக்கப் போய் விழுந்தார்கள். ஓவருக்கு நான்கரை ரன்னுக்கு மேல் எடுத்து 269க்கு ஆல் அவுட். இடது கைச் சுழற்பந்து வீச்சாளர் குமார் கார்த்திகேயா நான்கு விக்கெட் எடுத்தார். மத்தியப் பிரதேசத்துக்கு வேண்டியது 108. நான்கு விக்கெட் இழந்து எடுத்தார்கள். ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆறு விக்கெட் வெற்றி. ஸ்கோர்போர்டில் அது நேரடி வெற்றிதான், முன்னிலை விதியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த விதி இல்லாமல் இருந்திருந்தால் மும்பை அவ்வளவு அவசரப்பட்டிருக்காது, கடைசி நாள் மந்தமாக ஓடி டிராவில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஜார்க்கண்டையும் மும்பையையும் சோம்பேறியாக்கிய அதே விதி, இறுதி ஆட்டத்தைச் சூடாக்கியது. பின்தங்கிய அணிக்கு ஒளிந்துகொள்ள இடம் தருவதில்லை, அதுதான் இதன் பலம்.

மத்தியப் பிரதேசம் என்ற பெயரில் வென்ற முதல் கோப்பை அது. அதற்கு முன்பு இந்தூரில் இருந்த ஹோல்கர் அணி நான்கு முறை வென்றிருக்கிறது, அது வேறு காலம். வெற்றி ரன் எடுக்கப்பட்டதும் பண்டிட் அழுதுவிட்டார். காரணம் 1999. அதே சின்னசாமி அரங்கில், 1998-99 இறுதி ஆட்டத்தில், கர்நாடகத்துக்கு எதிராக மத்தியப் பிரதேச அணியின் கேப்டனாக இருந்தவர் அவர்தான். அந்த ஆட்டத்தில் அவர்களுக்கு 75 ரன் முதல் இன்னிங்ஸ் முன்னிலை இருந்தது. கடைசி நாள் 247 எடுத்தால் வெற்றி, எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆட்டமிழக்காமல் நின்றாலே கோப்பை. 150க்குச் சரிந்து 96 ரன்னில் தோற்றார்கள். முன்னிலை ஒரு பாதுகாப்புதான், உத்தரவாதம் இல்லை. பத்து விக்கெட்டும் போனால் எந்த விதியும் காப்பாற்றாது. இருபத்து மூன்று வருடம் கழித்து அதே மைதானத்தில் 162 முன்னிலை கிடைத்தபோது அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றே ஆட்டம் ஆடும் குழு முறை அந்த ஒரு சீசனோடு போனது. 2022-23இல் குழுவுக்கு எட்டு அணிகள், ஆளுக்கு ஏழு ஆட்டம், முதல் இரண்டு அணிகளுக்குக் காலிறுதி என்று மாற்றினார்கள். தமிழ்நாடு போல ஒரு மோசமான வாரத்தில் சீசனே முடிந்துபோகும் ஆபத்து குறைந்தது. 2023-24இல் சாய் கிஷோர் தலைமையில் அரையிறுதி வரை போனார்கள், அங்கே மும்பையிடம் இன்னிங்ஸ் தோல்வி. நாக்-அவுட்டுக்கான முன்னிலை விதி மட்டும் அப்படியே இருந்தது.

இங்கிருந்து பின்தொடர நேரமும் தோதானது. இந்தியாவில் காலை 9.30க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நண்பகல் 12. உணவங்காடியில் சோறு வாங்க வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் ஸ்கோரைத் திறக்கலாம். முதல் நாளை விட்டுவிட்டாலும் பாதகமில்லை. இரண்டாம் நாள் பிற்பகலிலிருந்து மூன்றாம் நாள் மாலை வரைதான் கவனிக்க வேண்டிய நேரம். இரண்டாவதாக பேட் செய்யும் அணி எத்தனை ரன் பின்தங்கியிருக்கிறது, கையில் எத்தனை விக்கெட் என்ற இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். ஒன்பதாவது விக்கெட் ஜோடி, பதினைந்து ரன் பாக்கி என்று இருந்தால், வேலையைக் கொஞ்சம் ஒத்திவைத்தாலும் தப்பில்லை.